விகிதம் தெரியும், தேதி தெரியாது

2021 டிசம்பர் மாதம் முழுவதும் தாராவியில் சட்டை தைக்கும் கார்கானாக்களுக்கும் செருப்பு தைக்கும் கார்கானாக்களுக்கும் ஒரே கவலை. செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், துணிக்கும் செருப்புக்கும் வரியைத் திருத்த முடிவெடுத்திருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட ஆடைக்கும் செருப்புக்கும் 5 சதவீதமாக இருந்த வரி 2022 ஜனவரி 1 முதல் 12 சதவீதம் என்று நவம்பரில் அறிவிக்கையும் வந்துவிட்டது. டிசம்பர் 31 அன்று டெல்லியில் கவுன்சில் மறுபடி கூடியது. துணிக்கான உயர்வை மட்டும் நிறுத்திவைத்தது. செருப்புக்கான உயர்வு அன்று நள்ளிரவில் அமலானது. குஜராத், தமிழ்நாடு, மேற்கு வங்கம், ராஜஸ்தான், டெல்லி என்று கட்சி வேறுபாடு இல்லாமல் மாநிலங்கள் துணிக்காகப் பேசியிருந்தன. உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் தேர்தல் வாசலில் நின்றது. செருப்புக்காக ஆக்ராவில் குரல் எழும்பாமல் இல்லை. ஆனால் கவுன்சிலின் மேசைவரை போய்ச் சேர்ந்தது துணியின் குரல்தான். சாதாரணச் செருப்பின் மேல் ஏறிய அந்த வரி மறுபடி 5 சதவீதத்துக்கு இறங்க 2025 செப்டம்பர் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஊர், ஒரே மாதிரிச் சின்ன அறை, ஒரே அறிவிக்கை. ஒருவருக்குக் கடைசி நாளில் விடுதலை, அடுத்தவருக்கு மூன்றே முக்கால் வருடச் சுமை.

அரசியல் நிலையில்லாமல் இருந்தால் தொழில் கெடும் என்பது நம் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் அடிக்கடி வரும் வாசகம். மும்பையை வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மை. மகாராஷ்டிரத்தில் 2019 நவம்பருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் முதலமைச்சர் பதவியேற்பு நான்கு முறை நடந்தது. அதில் ஒரு முறை அதிகாலையில் நடந்து, நான்காவது நாளில் ராஜினாமாவில் முடிந்தது. இரண்டு பெரிய மாநிலக் கட்சிகள் பிளந்தன. அந்த ஐந்து வருடத்தில் மாட்டுங்காவின் பூக்கடைக்கோ செம்பூரின் மளிகைக்கடைக்கோ விழுந்த அடிகளைக் கணக்கெடுத்தால், யார் முதலமைச்சர் என்பதால் விழுந்தவை சில. எந்த விதி எந்தத் தேதியில் மாறும் என்று தெரியாததால் விழுந்தவை பல. சிறு வணிகரை வாட்டுவது இந்த இரண்டாவது நிச்சயமின்மை. முதலாவதற்கு, அதாவது தேர்தலும் ஆட்சி மாற்றமும் கொண்டுவரும் நிச்சயமின்மைக்கு, அவர் பல நேரங்களில் கடன்பட்டவர் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் வரி விதிப்பவர்கள் அவர் பக்கம் காது கொடுக்கும் பருவம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

விதி மாறும் தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். பெரிய நிறுவனத்துக்கு வரி விகிதம் மாறினால் மென்பொருளில் ஓர் எண் மாறும், அதற்கென்று ஆள் இருப்பார். தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானாவில் முதலாளியே கணக்கர், அவரே சரக்கு எடுக்கப் போகிறவர், மாதம் ஒருமுறை ஆடிட்டர் அலுவலகத்துக்கு பில் கட்டைக் கொண்டுபோகிறவரும் அவரே. ஆண்டு விற்பனை ஐம்பது லட்சமானாலும் ஐம்பது கோடியானாலும் ஒரு புதிய விதியைப் புரிந்துகொள்ள ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆடிட்டர் கட்டணமும் விற்பனையின் அளவுக்கு இறங்கிவருவதில்லை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது மாதம் மூன்று படிவம் என்றார்கள். நவம்பரிலேயே அதில் இரண்டை நிறுத்திவைத்தார்கள், சிறியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்றார்கள், 2021 முதல் ஐந்து கோடி வரை விற்பவர்களுக்கு வேறொரு காலாண்டுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் சலுகைதான். நான்கு வருடத்தில் நான்கு முறை பாடம் மாறினால், படிக்கும் பிள்ளைக்குச் சலுகை என்று அதைச் சொல்ல முடியுமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சரக்கு விற்பவருக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு நாற்பது லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ஜாப் ஒர்க் போன்ற சேவைகளுக்கு அந்த வரம்பு இருபது லட்சம். ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து, விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அப்படியிருக்கச் சிறியவருக்கு என்ன பாரம்? காகிதத்தில் இது சரி. நடைமுறையில் வரம்பு அவ்வளவு உயரமில்லை. முந்நூறு ரூபாய்ப் பை நாளுக்கு ஐம்பது, மாதம் இருபத்தைந்து நாள் என்று வைத்தால் ஆண்டு விற்பனை நாற்பத்தைந்து லட்சம். அதில் தோல், ஜிப், நூல், வாடகை, கூலி எல்லாம் போக மிஞ்சுவது ஒரு நடுத்தர உத்தியோகஸ்தரின் சம்பளம். வரம்புக்குக் கீழே இருப்பவருக்கும் வேறு ஒரு கணக்கு காத்திருக்கிறது. அவரிடம் வாங்கும் மொத்த வியாபாரி பதிவு பெற்றவர் என்றால், தான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள, அதாவது இன்புட் கிரெடிட் எடுக்க, அவருக்குப் பக்கா பில் வேண்டும். பதிவில்லாதவரும் காம்போசிஷன்காரரும் அந்த பில்லைத் தர முடியாது. தோலுக்கும் ஜிப்புக்கும் தாங்கள் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. காம்போசிஷன்காரர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பவும் கூடாது. ஆகவே தாராவிக்காரர்கள் வரியே கட்டுவதில்லை என்ற பேச்சு அரைகுறைப் பேச்சு. கச்சா பில்லில் விற்று வரியை ஏய்ப்பவர்கள் உண்டு, அதனால் நஷ்டப்படுவது பக்கத்து அறையில் ஒழுங்காக பில் போடுபவர்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கும் பொருளுக்குள் ஒளிந்திருக்கும் வரியை எல்லாரும் கட்டுகிறார்கள்.

இனி தேர்தலுக்கு வருவோம். மதிப்புக்கூட்டு வரி என்ற வாட், நாடு முழுவதும் 2003 ஏப்ரலில் வருவதாக இருந்து தள்ளிப்போய் 2005 ஏப்ரல் 1 அன்று மகாராஷ்டிரம் உட்படப் பல மாநிலங்களில் அமலானது. தமிழ்நாடு அன்று சேரவில்லை. வணிகர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது, அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல். 2006இல் ஆட்சி மாறியது, 2007 ஜனவரி 1 அன்றுதான் தமிழ்நாட்டுக்கு வாட் வந்தது. மகாராஷ்டிரத்தில் உள்ளாட்சி வரியான எல்பிடியின் கதை இன்னும் தெளிவானது. நகர எல்லையில் லாரியை நிறுத்தி வசூலிக்கும் ஆக்ட்ராய்க்குப் பதிலாகக் கணக்குப் புத்தகத்தை வைத்து வசூலிக்கும் வரி என்று அதைக் கொண்டுவந்தார்கள். மும்பைக்கு அது 2013 அக்டோபரில் வரும் என்றபோது ஏப்ரல், மே மாதங்களில் நகரத்தின் மொத்தச் சந்தைகள் கடையடைத்தன. தங்கள் புத்தகத்தைப் புரட்ட இன்னொரு இன்ஸ்பெக்டரா என்பதுதான் அச்சம். எல்பிடியை ஒழிப்போம் என்று பாரதிய ஜனதா வாக்குறுதி தந்தது, 2014 அக்டோபரில் ஆட்சிக்கு வந்தது, 2015 ஆகஸ்ட் 1 முதல் ஐம்பது கோடிக்குக் குறைவாக விற்பவர்களுக்கு அந்த வரி போயிற்று. மும்பைக்கு அது வரவே இல்லை. 2017 நவம்பர் 10 அன்று குவாஹாத்தியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் ஒரே நாளில் 178 பொருட்களை 28 சதவீதப் பட்டியலிலிருந்து இறக்கியது. இட்லி மாவின் வரி 12இலிருந்து 5 ஆயிற்று. சாதாரண ஓட்டல்களுக்கெல்லாம் 5 சதவீதம் என்று ஆயிற்று. குஜராத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு அடுத்த மாதம் 9ஆம் தேதி. பதிவு வரம்பை நாற்பது லட்சமாக்கிய முடிவு 2019 ஜனவரி 10 அன்று வந்தது. அது மக்களவைத் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு.

இதெல்லாம் ஓட்டுக்குக் கொடுக்கும் கையூட்டு என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்கட்டும். 28 சதவீதத்தில் வைத்தது தவறு என்று முன்பே எல்லாரும் சொன்னதைத் தேர்தல் கேட்க வைத்தது என்றால், குற்றம் தேர்தலுடையது அல்ல, மற்ற நாட்களில் கேட்காமல் இருந்தவர்களுடையது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளை வைத்துக் காய்கறிக்கடை, பேக்கரி வரைக்கும் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பெங்களூரில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘காசு மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள், 25ஆம் தேதி கடையடைப்பு என்றார்கள். மாநில அரசு மத்திய அரசைக் கைகாட்டியது, மத்திய அரசு மாநில அதிகாரிகளைக் கைகாட்டியது. கடைசியில் முதலமைச்சர் வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கி கேட்க மாட்டோம் என்றார். இரு அரசுகளும் ஓட்டுக்காகப் போட்டியிடும் இடத்தில்தான் இப்படி நடக்கும். தேர்தல் வழியே கேட்கப்படுவதில் உள்ள உண்மையான குறை வேறு. எண்ணிக்கையில் பெரிதாகவும், ஓர் ஊரில் குவிந்தும், தேர்தல் நடக்கும் மாநிலத்திலும் இருக்கும் தொழிலுக்கே காது கிடைக்கும். சூரத்துக்கும் திருப்பூருக்கும் கிடைக்கும். தாராவியின் செருப்புக்காரருக்குக் கிடைக்காது. அவரிடம் வேலை செய்யும் பலருடைய ஓட்டு உத்தரப் பிரதேசத்திலோ பிகாரிலோ இருக்கிறது.

காது கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் பொருந்தும் ஒரு உதாரணம் இருக்கிறது. அதிகம் பேசப்படாதது, ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். கடை வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வீட்டுக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத தனிநபர் என்றால் அந்த வரி முன்பு எழுந்ததில்லை. மும்பையின் பழைய கட்டடங்களில் இப்படிப்பட்ட சொந்தக்காரர்கள் ஏராளம். 2024 அக்டோபர் 10 முதல் இது மாறியது. சொந்தக்காரர் பதிவு செய்யாதவராக இருந்தால், வாடகைக்கு இருக்கும் பதிவு பெற்ற வணிகரே அந்த 18 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கட்ட வேண்டும் என்றார்கள். பெரிய நிறுவனம் கட்டும், அடுத்த மாதம் இன்புட் கிரெடிட்டில் கழித்துக்கொள்ளும், அதற்கு ஒரு பைசா நஷ்டமில்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய ஓட்டலுக்கு கிரெடிட் கிடையாது. மாத வாடகை ஒரு லட்சம் என்றால் 18,000 ரூபாய் கையைவிட்டுப் போகும். ஏய்ப்பைப் பிடிக்கப் போட்ட வலையில் மிகச் சிறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இதை உணர்ந்த கவுன்சில் டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடி காம்போசிஷன்காரர்களுக்கு விலக்கு அளித்தது. விலக்கு 2025 ஜனவரி 16 அன்று அமலானது. இடைப்பட்ட மூன்று மாதத்தை உள்ளது உள்ளபடி விட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். அதன் பொருள் என்ன? கட்டாதவரிடம் கேட்க மாட்டோம், கட்டியவருக்குத் திருப்பித் தரவும் மாட்டோம். சட்டத்தை முதல் நாளிலிருந்து மதித்தவருக்கு ஐம்பதாயிரம் போயிற்று, கண்டுகொள்ளாமல் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விதிகள் அடிக்கடி மாறும் ஊரில் காத்திருப்பவரே புத்திசாலி என்ற பாடத்தை அரசே நடத்திக்காட்டியது. 5 சதவீதம் வசூலிக்கும் சாதாரண ஓட்டல்களுக்கு அந்த விலக்கும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. (ஜெய்சல்மேர் கூட்டத்தைப் பற்றி நாடு முழுவதும் நடந்த விவாதம் இனிப்புச் சோளப்பொரிக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பற்றித்தான்.) 2024 செப்டம்பரில் கோவை ஓட்டல்காரர் ஒருவர் பன்னுக்கும் கிரீம் பன்னுக்கும் வரி வேறுபடுவதை நிதியமைச்சரிடமே ஒரு கூட்டத்தில் கேட்டதும், பிறகு மன்னிப்புக் கேட்கும் காட்சி வெளியானதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து கேக்குக்கும் பேஸ்ட்ரிக்கும் வரி 18இலிருந்து 5 ஆனது. கேட்ட கேள்வி சரியானதுதான், கேட்கும் இடம்தான் நம் நாட்டில் இல்லை.

யார் ஆள்கிறார்கள் என்பது முக்கியமே இல்லையா என்று இந்த இடத்தில் கேட்டால், ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க வேண்டும். காளை, எருதுகளை அறுப்பதையும் தடைசெய்யும் மகாராஷ்டிரச் சட்டத் திருத்தம் 1995இல் சிவசேனை, பாஜக கூட்டணி ஆட்சியில் நிறைவேறி, 1996 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போனது. பத்தொன்பது வருடம் கிடந்தது. மத்தியிலும் மாநிலத்திலும் ஆட்சி மாறிய பிறகு 2015இல் ஒப்புதல் கிடைத்து, மார்ச்சில் அமலானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் தோல் பதனிட்டு வளர்த்த ஊர் தாராவி. பதனிடும் தொழில் அங்கிருந்து எப்போதோ போய்விட்டது. மிச்சமிருக்கும் பைத் தொழிலுக்கான மாட்டுத்தோலின் உள்ளூர் வரத்து அந்தச் சட்டத்தால் சுருங்கியது. இது ஆட்சியாளர் யார் என்பதால் விழுந்த அடி, சந்தேகமில்லை. அப்படியும் தொழில்காரருக்குச் சட்டம் வரும் என்பது பத்தொன்பது வருடமாகத் தெரியும். எந்த வருடம் என்பதுதான் தெரியாது. ஆட்சி மாறியும் விதி மாறாத கதையும் உண்டு. எல்லாக் கடைகளின் பெயர்ப்பலகையிலும் மராத்தி, மற்ற எழுத்தைவிடச் சிறிதாகாமல் இருக்க வேண்டும் என்று 2022இல் முடிவெடுத்தது உத்தவ் தாக்கரே அரசு. அதைக் கறாராக அமல்படுத்தியது அவரைக் கவிழ்த்துவிட்டு வந்த ஷிண்டே அரசு. நடுவில் கெடு பலமுறை தள்ளிப்போனது, சில்லறை வணிகர் சங்கம் நீதிமன்றம் போனது, 2023 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டே மாதம் அவகாசம் தந்தது. அறுபதுகளின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கலவரத்தைக் கண்ட மாட்டுங்காவில் பலகை மாற்றுவதற்கு யாரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை. முதல் கெடுவை நம்பிப் பணம் செலவழித்தவருக்கும், ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டவருக்கும் இடையில் சட்டம் எந்த வேறுபாடும் பார்க்கவில்லை என்பதுதான் இங்கும் கவனிக்க வேண்டியது.

தேர்தலே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மும்பை காட்டியிருக்கிறது. மும்பை மாநகராட்சியின் 227 உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச் 7 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. ஏறத்தாழ நான்கு வருடம் ஆணையரே நிர்வாகி, அவர் போடுவதே பட்ஜெட். போய்க் கத்துவதற்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத காலம். ஜிஎஸ்டி வந்ததும் மாநகராட்சிக்கு ஆண்டுக்கு ஏழாயிரம் கோடி தந்த ஆக்ட்ராய் போயிற்று, மான்குர்த், தஹிசர், முலுண்ட் சோதனைச் சாவடிகள் ஒரே இரவில் மூடப்பட்டன. ஈடாக மாநில அரசு பணம் தருகிறது, ஆனால் சொந்த வரி என்று மாநகராட்சிக்கு மிஞ்சியதில் பெரியது சொத்து வரிதான். அதிலும் 2022 ஜனவரியில், மாநகராட்சித் தேர்தலை எதிர்பார்த்து, 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு விலக்கு அறிவித்தார்கள். தேர்தல் நடக்கவில்லை, விலக்கு மட்டும் நின்றது. பிறகு 2025 பிப்ரவரியில் வந்தது 74,427 கோடி ரூபாய் பட்ஜெட். குடிசைப் பகுதிகளில் சுமார் இரண்டரை லட்சம் கட்டடங்கள் இருக்கின்றன, அவற்றில் ஐம்பதாயிரத்தில் கடையோ தொழிலோ நடக்கிறது, அவற்றுக்குச் சொத்து வரி போட்டால் 350 கோடி வரும் என்றது அது. தண்ணீரும் சாலையும் பயன்படுத்துபவர் வரி கட்டட்டும் என்ற வாதத்தில் தவறில்லை. செம்பூர் ஸ்டேஷன் அருகே முறையாக வரி கட்டும் கடைக்காரர் அதைத்தான் கேட்பார். ஆனால் வரி கட்டுவதால் அந்த இடத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்காது, இடிக்க வரும்போது ரசீதைக் காட்டித் தடுக்க முடியாது. ஓட்டுள்ள வீட்டுக்கு விலக்கும், பேச ஆளில்லாத நேரத்தில் கடைக்கு வரியும் என்று இரண்டும் மூன்று வருட இடைவெளியில் ஒரே மாநகராட்சியில் நடந்தன.

அப்படியானால் என்ன வேண்டும்? முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்டால், முன்கூட்டிச் சொன்னால் வியாபாரம் நின்றுவிடும் என்று அதிகாரிகள் பதில் சொல்வார்கள். 2025இல் அது நடந்ததும் உண்மை. வரி குறையப்போகிறது என்று பிரதமர் ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் அறிவித்தார், கவுன்சில் செப்டம்பர் 3 அன்று முடிவெடுத்தது, செப்டம்பர் 22 அன்று அமலானது. நடுவில் ஐந்து வாரம் வாங்குபவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பண்டிகைக்கு முந்தைய வாரங்கள் அவை. லேபிள் ஒட்டிய முறுக்குப் பொட்டலத்துக்கு 12 சதவீதம் 5 ஆகப்போகிறதா என்று தாராவியில் முறுக்கு சுடும் தமிழ்க் குடும்பங்கள் செப்டம்பர் 3 வரை ஊகிக்கத்தான் முடிந்தது. ஆனால் இந்த உதாரணமே எதிர்த்திசையில் சாட்சி சொல்கிறது. விகிதத்தைச் சொல்லாமல் வருகிறது, வருகிறது என்று மட்டும் சொன்னதுதான் வியாபாரத்தை நிறுத்தியது. பட்டியலோடு தேதியும் சேர்ந்து வந்திருந்தால் சரக்கை அதற்கேற்ப எடுத்திருப்பார்கள். பிரிட்டனில் தொழில்களைப் பாதிக்கும் விதிமுறைகள் ஆண்டுக்கு இரண்டு தேதிகளில், ஏப்ரல் 6, அக்டோபர் 1 ஆகிய நாட்களில் அமலாகட்டும் என்று ஓர் ஏற்பாட்டை இரண்டாயிரங்களில் கொண்டுவந்தார்கள். நம்மிடமும் ஒரு காகிதம் இருக்கிறது. சட்டத்துக்கும் விதிக்கும் முன்வரைவைக் குறைந்தது முப்பது நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று மத்திய அரசு 2014 பிப்ரவரியிலேயே கொள்கை வகுத்தது. அது கட்டாயமில்லை, வரி அறிவிக்கைகளை அது தொடுவதே இல்லை. வாடகை மீதான அந்த அக்டோபர் அறிவிக்கையை முப்பது நாள் வெளியே வைத்திருந்தால், காம்போசிஷன்காரர் மாட்டுவார் என்பதை ஏதாவது ஓர் ஆடிட்டர் முதல் வாரத்திலேயே எழுதி அனுப்பியிருப்பார். ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கும் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும் வாக்கு எடை உண்டு. நாற்காலிகள் அமைச்சர்களுடையவை, வணிகர் சங்கம் மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். துணிக்கு மூன்றரை மாத அவகாசம் பயன்பட்டதும் செருப்புக்குப் பயன்படாததும் இதனால்தான். அவகாசத்தோடு, சிறியவர் சொல்வதைக் கேட்டு எழுத்தில் பதில் தரும் கடமையும் சேர்ந்தால்தான் பலன்.

இனி வருவதும் குறைவில்லை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். தாராவிக்கு இவற்றைவிடப் பெரிய மாற்றம் மறுசீரமைப்புத் திட்டம். 2004 முதல் பேசப்பட்டு, 2019 ஏலம் 2020இல் ரத்தாகி, 2022 நவம்பரில் 5,069 கோடிக்கு அதானி குழுமத்தின் கைக்குப் போய், 2024 தேர்தலில் ரத்து செய்வோம் என்று எதிர்க்கட்சியால் வாக்குறுதி தரப்பட்டு, தேர்தல் முடிவால் மேலே நகரும் திட்டம். தகுதியுள்ள கடைக்கும் தொழிலுக்கும் 225 சதுர அடி இலவசம். தகுதி என்பது காகிதத்தில் இருக்கிறது. குமாஸ்தா லைசென்ஸ் என்ற கடைப் பதிவு, மின் கட்டண ரசீது, பழைய தேதி போட்ட எந்தச் சான்றும் இப்போது சொத்து. விதிக்குப் பயந்து பதிவில்லாமலே இருந்தவர், மேல்தளத்தில் வாடகைக்கு இயந்திரம் போட்டவர் ஆகியோரின் கதி கணக்கெடுப்புக்காரரின் பட்டியலில் இருக்கிறது. திட்டத்தில் வரிச் சலுகையும் உண்டு. தாராவியில் இருக்கும் தொழில்களுக்கும் புதிதாக வரும் தொழில்களுக்கும் ஐந்து வருடம் மாநில ஜிஎஸ்டி திருப்பித் தரப்படும். ஆண்டுக்கு ஒரு கோடி விற்கும் காம்போசிஷன்காரர் கட்டுவது ஒரு சதவீதம், அதில் மாநிலத்தின் பாதி ஐம்பதாயிரம் ரூபாய், அவருக்குத் திரும்பக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் அதுதான். பதிவில்லாமல் பதினெட்டு லட்சத்துக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் தையல்காரருக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை. புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் 18 சதவீதச் சரக்கை விற்க வரும் ஷோரூமுக்கு, கிரெடிட் போக அது கட்டும் மாநிலப் பங்கு முழுவதும் ஐந்து வருடம் திரும்பி வரும்.